வெறும் தட்டில் வளர்ந்தது

மார்ச் 4

அத்தான்,

என் அக்காவைக் கொன்ற கிருமியை வைத்து நீங்கள் ஒரு கம்பெனி நடத்துகிறீர்கள். அந்தக் கம்பெனியின் மருந்து அந்தக் கிருமியைக் கொல்லாது. இது உங்களுக்குத் தெரியும்.

ஃபோனில் கூப்பிட வேண்டாம். உங்கள் நம்பரைத் தடுத்துவிட்டேன். நீங்கள் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர்கள் கரைந்துவிடுவார்கள், அந்தப் பேச்சை வைத்துத்தானே டாக்டர் டாக்டராக ஏறி இறங்கிப் பதினைந்து வருஷம் மருந்து விற்றீர்கள். எழுத்தில் பதில் சொல்லுங்கள். எழுத்து கையில் இருக்கும்.

நடந்தது இதுதான். ஏப்ரல் பதினைந்தாம் தேதி எங்கள் ஆஸ்பத்திரியில் உங்கள் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். அவர்களிடமிருந்து எடுக்கும் மாதிரிகளை வைக்க இடம் வேண்டும், லேப் ஃப்ரீசரைக் காலி செய்யுங்கள் என்று உங்கள் ஆபீஸிலிருந்துதான் கடிதம் வந்தது. காலி செய்தேன். கீழ்த்தட்டில் பனிக்கட்டிக்குள் ஒரு சின்னக் குப்பி புதைந்துகிடந்தது. சுரண்டி எடுத்துப் பார்த்தால், ஓய்வுபெற்றுப் போன எங்கள் லேப் பெரிய மேடத்தின் கையெழுத்து. ‘படுக்கை 7’. கீழே அக்கா இறந்த தேதி.

எங்கள் லேபில் நோயாளிக்குப் பெயர் கிடையாது, படுக்கை எண்தான். மேடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. தொற்றில் யார் இறந்தாலும், அவர் உடம்பில் வளர்ந்த கிருமியில் கொஞ்சம் அன்றைக்கே உறைய வைத்துவிடுவார். “ஆள் போயாச்சு. கொன்னவனாவது நம்ம காவல்ல இருக்கட்டும்” என்பார். அக்காவுக்கும் செய்திருக்கிறார். அன்றைக்கு இதையெல்லாம் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

அந்தக் கிருமியைத் தட்டில் பரப்பி, நடுவில் உங்கள் மருந்தில் நனைத்த வில்லையை வைத்தேன். டிரையலுக்காக நீங்கள் அனுப்பியிருக்கும் அதே மருந்து. அது வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காத வட்டம் ஒன்று விழும். உங்கள் விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் முழுநிலா மாதிரிப் போட்டிருக்கிறீர்களே, அது. மறுநாள் மூடியைத் திறந்தேன். வட்டம் இல்லை. வில்லையின் விளிம்புவரை கிருமி ஏறி உட்கார்ந்திருக்கிறது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அப்படித்தான்.

இங்கே முப்பத்திரண்டு பேர் உங்கள் கம்பெனியில் பங்கு வாங்கியிருக்கிறார்கள். நான் சொல்லித்தான் வாங்கினார்கள். ஹெட் சிஸ்டர், லிஃப்ட்காரர், சலவைப் பகுதியில் நிற்கும் மூன்று பெண்கள். “உன் அக்கா வீட்டுக்காரர்னா நமக்கும் சொந்தம்தானே” என்று சொல்லி வாங்கினார்கள். அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் டிரையலை நிறுத்துங்கள். அடுத்து உங்களை என்ன செய்வது என்று பார்க்கிறேன்.

வாலு என்று கையெழுத்துப் போடப் போவதில்லை.

உங்கள் மனைவியின் தங்கை



மார்ச் 11

வாலு,

எப்படிக் கையெழுத்துப் போட்டாலும் எனக்கு நீ வாலுதான். உன் அக்காவை முதன்முதலாகப் பார்க்க வந்த அன்றைக்கு என் ஸ்கூட்டரின் இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டு, “அத்தான், தள்ளிட்டுப் போனா உடம்புக்கு நல்லது” என்று சொன்ன பன்னிரண்டு வயசுக்காரிக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு தட்டில் ஒரு வட்டம் விழாததற்கு நூறு காரணம் இருக்கும். உங்கள் லேபின் இன்குபேட்டர் கதவை டேப் போட்டு ஒட்டி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். மூன்று வருஷமாகப் பனியில் கிடந்த குப்பிக்குள் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? இங்கே ஆறு விஞ்ஞானிகள் வேலை செய்கிறார்கள், அதில் இரண்டு பேர் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். நீ இரண்டு வருஷ டிப்ளமா. அந்த டிப்ளமாவுக்கு ஃபீஸ் கட்டியது யார் என்று நான் சொல்லிக்காட்டப் போவதில்லை.

டிரையலுக்கு அனுப்பிய மருந்தை உன் இஷ்டத்துக்கு எடுத்துச் சோதித்தது திருட்டு. இது என் வார்த்தை இல்லை, வக்கீலுடையது. உனக்குப் பதிலே எழுதக் கூடாது என்றுகூடச் சொன்னார். நான்தான் அவரைச் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறேன்.

ஒன்றை நீ மறந்துவிட்டாய். இந்தக் கம்பெனி யாருடைய யோசனை? உன் அக்கா போன நாலாம் மாதம், என் சமையலறையில், கழுவாத பாத்திரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, “அத்தான், எனக்கு அதைக் கொல்லணும். வேற எதுவும் வேண்டாம், அதைக் கொன்னா போதும்” என்று சொன்னது நீ. பை தூக்கிக்கொண்டு திரிந்தவனை மருந்து கண்டுபிடிக்கிறவர்களைத் தேடிப் போகச் சொன்னது நீ. வீட்டை விற்றேன். தெரிந்தவன், தெரியாதவன் எல்லார் காலிலும் விழுந்து முதலீடு வாங்கினேன். மருந்து வந்துவிட்டது. கோபத்துக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது, அதனால் என்னைப் பிடித்துக்கொண்டாய். புரிகிறது.

லீவு போடு. தூங்கு. அந்தக் குப்பியை இங்கே அனுப்பிவிடு, எங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அத்தான்



மார்ச் 17

அத்தான்,

டேப் ஒட்டிய இன்குபேட்டர் வேண்டாம் என்று, என்னோடு டிப்ளமா படித்தவள் வேலை செய்யும் கல்லூரி லேபில் போய்ச் செய்தேன். புது மெஷின். கதவு தானாக மூடிக்கொள்கிறது. அங்கேயும் வட்டம் இல்லை. படம் வைத்திருக்கிறேன். இரண்டு டாக்டர் பட்டங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுங்கள்.

அத்தோடு விடவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு என்று உங்கள் லேபிலிருந்து ஒரு குப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அதிலும் ‘படுக்கை 7’ என்றுதான் எழுதியிருக்கிறது. அதாவது நான் உங்களுக்குக் கொடுத்த கிருமியின் வாரிசு. அதை இன்னொரு தட்டில் பரப்பி உங்கள் மருந்தை வைத்தேன். முழுநிலா. அழகான வட்டம். சந்தேகம் வந்து, அக்காவுக்கு மூன்று நாள் ஏற்றியும் ஒன்றும் செய்யாத அந்தப் பழைய மருந்தையும் பக்கத்தில் வைத்தேன். அதற்கும் வட்டம்! மருந்துக்கடையில் யார் கேட்டாலும் கொடுக்கும் மருந்துக்குச் செத்துவிழுகிறது உங்கள் கொடூரக் கிருமி.

இது ஏன் என்று டிப்ளமாவிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். மருந்தை எதிர்க்கும் திறமை கிருமிக்கு ஒரு கூடுதல் மூட்டை. மருந்து பக்கத்தில் இருக்கும்வரை தூக்கிக்கொண்டு திரியும். மருந்தே சேர்க்காத வெறும் தட்டில் மாசக்கணக்கில் வளர்த்தால், எதற்கு இந்தச் சுமை என்று இறக்கிவைத்துவிடும். பிறகு அது சாதுவான கிருமி. பனியில் உறைந்துகிடப்பது வளர்வதே இல்லை, அதனால் அதன் மூட்டை அப்படியே இருக்கும். பெயர் மட்டும் பழைய பெயர். உங்கள் ஆட்கள் அதை வெறும் தட்டில் வளர்த்திருக்கிறார்கள். பல்லில்லாத நாயை அடித்துவிட்டுப் புலியைக் கொன்றதாகப் படம் போட்டிருக்கிறீர்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் மற்றக் கிருமிகளையும் பார்த்தேன். எல்லாம் பழைய மருந்துக்கே சாகிற சாதாரணச் சரக்கு.

போன வருஷம் முதலீட்டாளர் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தீர்கள். முதல் படமே அக்கா. “இவளுக்காக” என்று கீழே ஒரு வரி. உங்கள் குரல் உடைந்தது. எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் தோளில் ஒரு கை மட்டும் தெரிந்தது. அது என் கை. என்னை வெட்டி எடுத்துவிட்டீர்கள், கையை வெட்ட மறந்துவிட்டீர்கள். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஒரே கேள்வி. எப்போதிருந்து உங்களுக்குத் தெரியும்? மாசத்தைச் சொல்லுங்கள்.



மார்ச் 24

வாலு,

மாசம் ஆகஸ்ட். போதுமா?

வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாத ஒரு பெண், யாரும் சொல்லாமலே, பழைய மருந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். “சார், இது அந்தக் கிருமி மாதிரி நடந்துக்கலையே” என்றாள். அதற்குப் பிறகு அவள் இங்கே வேலை செய்யவில்லை.

எங்கள் ஆட்கள் வெறும் தட்டில் வளர்த்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வரியை உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

வளர்த்தது நீ.

குப்பியோடு ஒரு நாற்பது பக்க நோட்டுக் கொடுத்தாயே, நினைவிருக்கிறதா? மேஜையில் என் முன்னால் இருக்கிறது. அக்கா போனதிலிருந்து, எனக்கு லேப் கிடைத்து உன்னிடம் கிருமியை வாங்கிய நாள்வரை, வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு வரி. நாற்பத்தாறு வரி. எல்லாம் உன் கையெழுத்து. “புதுத் தட்டுக்கு மாற்றினேன். மருந்து சேர்க்கவில்லை. நன்றாக இருக்கிறாள்.” “புதுத் தட்டு. மருந்து இல்லை. நன்றாக இருக்கிறாள்.” ஒரு கிருமியை இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அவள் உடம்பிலிருந்து வந்து இன்னும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான் என்று அதன் மேல் மருந்துவாடைகூடப் படாமல் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறாய். உன் பாசத்தில் அது சாதுவாகிவிட்டது, டிப்ளமாக்காரி.

நாங்கள் வாங்கியவுடன் சோதித்திருக்க வேண்டாமா என்று கேட்பாய். சோதித்திருக்க வேண்டும். குப்பி மேல் படுக்கை 7 என்று இருந்தது. அது யாரைக் கொன்றது என்று எனக்குத் தெரியும். அதற்குப் போய் இன்னொரு சான்று கேட்க எனக்குக் கை வரவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். மூன்று வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தேன். இரண்டாம் நாளே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம் என்றேன். ஆம்புலன்ஸ்கூடச் சொல்லிவிட்டேன். “எதுக்கு அத்தான் அலைய வைக்கிறீங்க, இங்கதான் நான் இருக்கேன்ல” என்றாய். நீ இருந்தாய். எந்த மருந்து கேட்கும் என்கிற ரிசல்ட், ஞாயிற்றுக்கிழமை லீவு கழித்துத் திங்கட்கிழமை வந்தபோது அவள் இல்லை. நானா கொன்றேன்?

என்னை ஒழிக்கப் போகிறாயா? ஒழி. இந்த நோட்டின் நகல் வக்கீலிடம் இருக்கிறது. விஷயம் வெளியே போனால் முதல் பெயர் உன்னுடையது. உன் முப்பத்திரண்டு பேரும் முதலில் உன்னைத்தான் தேடி வருவார்கள். ஆஸ்பத்திரி கிருமியைக் கேட்காமல் வெளியே கொடுத்ததற்கு உன் வேலையும் போகும்.

நன்றாக யோசி. குப்பியை அனுப்பு.

அத்தான்



மார்ச் 31

அத்தான்,

உட்கார்ந்துதான் படித்தேன். எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

ஆமாம். நான்தான். வெள்ளிக்கிழமை எல்லாரும் போன பிறகு கையைக் கழுவிக்கொண்டு, மூடியைத் திறந்து, ஒரு துளி எடுத்துப் புதுத் தட்டில் தடவுவேன். பழைய தட்டைக் கொதிக்கும் நீராவியில் போடும்போது கண்ணை மூடிக்கொள்வேன். மருந்து சேர்த்த தட்டு அலமாரியில் இருந்தது. எடுக்க மனசு வரவில்லை. அக்காவுக்கு ஏற்கெனவே நிறையக் குத்தியாயிற்று என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம். அந்தப் பைத்தியக்காரத்தனத்தின் மேல் நீங்கள் ஒரு கட்டடம் கட்டியிருக்கிறீர்கள்.

ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். அதை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தீர்களா? அந்த ஞாயிற்றுக்கிழமையோடுதான் நான் தினமும் எழுந்திருக்கிறேன்.

ஆனால் என் வாயை அடைக்க என் தப்பையே துணியாகத் திணித்தீர்கள் பாருங்கள், அங்கேதான் உங்கள் கணக்கு பிசகிவிட்டது. நேற்று மத்தியானம் சலவைப் பகுதியில் எல்லாரையும் கூப்பிட்டு நானே சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை, வெறும் தட்டு, நாற்பத்தாறு வரி, எல்லாம். துவைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவமானத்தை அவ்வளவு சத்தமாகச் சொன்னால் கொஞ்சம் லேசாகிறது.

ஒரு பெண் ஈரத் துணியை என் காலடியில் வீசினாள். “ரத்தக்கறைக்கு என்கிட்ட சோப்பு இருக்கு. இதுக்கு என்னத்தைப் போட்டுத் துவைக்கிறது?” என்று கேட்டாள். இன்னொருத்தி அழுதாள். வீட்டில் சொல்லாமல் போட்டிருக்கிறாள்.

ஹெட் சிஸ்டர்தான் கையைத் தட்டி அடக்கினார். “இவ தெரியாம செஞ்சா. தெரிஞ்சு எவனாவது வித்தானா, அதைச் சொல்லுங்க முதல்ல.”

அப்போதுதான் லிஃப்ட்காரர் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட காகிதத்தை எடுத்தார். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து கையில் கிடைத்ததையெல்லாம் எழுத்துவிடாமல் படிக்கிற மனிதர். சோப்பு உறையைக்கூட விடமாட்டார். “பாப்பா, ரொம்ப நாளா கேக்கணும்னு. கம்பெனி புதுசா ஷேர் விடுதுன்னுதானே சொன்ன? இதுல விற்பவர்னு போட்ட இடத்துல கம்பெனி பேரே இல்லையே. உன் அத்தான் பேர்தான் இருக்கு. தேதி அக்டோபர்.” பிறகு அவரே சிரித்துக்கொண்டு, “என் பொழப்பே மேல கீழ போறதுதான். எப்ப இறங்கணும்னு உன் அத்தானுக்குத்தான் சரியா தெரிஞ்சிருக்கு” என்றார்.

முப்பத்திரண்டு காகிதத்தையும் வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நீங்கள்.

ஆகஸ்டில் தெரிந்தது. அக்டோபரில் உங்கள் சொந்தப் பங்கை, படுக்கைவிரிப்பு துவைக்கிறவர்களிடம், என் வாயால் விற்றீர்கள். பெரிய முதலீட்டாளர்களிடம் விற்றால் கேள்வி கேட்பார்கள். இவர்கள் என் முகத்தைப் பார்த்து வாங்கினார்கள்.

அந்த நோட்டை இனி எங்கே வேண்டுமானாலும் காட்டுங்கள். உங்கள் கையில் இருந்தது அது ஒன்றுதான். அதையும் நான் செலவழித்துவிட்டேன்.

டிரையலை நிறுத்துங்கள்.



ஏப்ரல் 7

வாலு,

வக்கீலுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு.

விற்றேன். ஏன் என்று உனக்குப் புரியுமோ என்னவோ. அந்தப் பெண் தட்டோடு வந்து நின்ற அன்றைக்கு எனக்கு உன் அக்கா இரண்டாம் தடவை செத்தாள். அந்தப் பங்கு என் பெயரில் இருக்கிற ஒவ்வொரு நாளும் அவளை வைத்துப் பிழைக்கிறேன் என்று தோன்றியது. வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். யார் வாங்குகிறார்கள் என்று பார்க்கவில்லை. இல்லை, பார்த்தேன். பார்த்துவிட்டுப் பார்க்காதவன் மாதிரி இருந்தேன்.

உன் ஆட்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். முப்பத்திரண்டு பேருக்கும், சத்தமில்லாமல். காகிதம் எதுவும் வேண்டாம். பதிலுக்கு அந்தக் குப்பியை மட்டும் கொடு.

டிரையலை நிறுத்த முடியாது. நிறுத்த வேண்டிய கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் அதைப் போட்ட மறுநிமிஷம் பெரிய முதலீட்டாளர்கள் என்னைச் சிறைக்கு அனுப்புவார்கள். நீ நினைக்கிற மாதிரி அது கொலைக்களம் இல்லை. நோயாளிகளில் பாதிப் பேருக்குத்தான் நம் மருந்து. மீதிப் பேருக்கு அந்தக் கடைசி மருந்து, சிறுநீரகத்தைக் கெடுத்தாலும் ஆளைக் காப்பாற்றும் என்பார்களே, அது. டாக்டர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நம் மருந்து கேட்கவில்லை என்றால் மூன்று நாளில் மாற்றிவிடலாம் என்று திட்டத்திலேயே இருக்கிறது.

சில பேருக்குக் கேட்கவும் கேட்கலாம். தட்டு வேறு, உடம்பு வேறு.

உனக்கு அது அக்கா என்றால் எனக்கு மனைவி, வாலு. குப்பியை என்னிடம் கொடு.

அத்தான்



ஏப்ரல் 12

அத்தான்,

மூன்று நாளில் மாற்றிவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா எத்தனையாம் நாள் இறந்தாள்? எழுதும்போது உங்கள் பேனா நிற்கவில்லையா?

கடிதத்தைக் கிழிக்கவில்லை. உங்கள் கையெழுத்தில் இருக்கும் எல்லாக் கடிதங்களையும் நகல் எடுத்து, டிரையலுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டேன். குழு ஏப்ரல் இருபத்திரண்டில்தான் கூடுகிறது. அதற்கு முன் கூட்ட வழி இல்லையா என்று கேட்டேன். “அவசரம்னா பெரிய டாக்டர் எழுதிக் கொடுக்கணும்” என்றார் அங்கே இருந்த குமாஸ்தா. பெரிய டாக்டரிடம் போனேன். அவர் உங்கள் ஆலோசகர் குழுவில் இருக்கிறார் என்பதை அவர் மேஜையில் இருந்த உங்கள் கம்பெனி பேனா ஸ்டாண்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். “குடும்பச் சண்டையை ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டுவராதேம்மா” என்றார். மறுநாள் என்னை லேபிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். பஞ்சு எண்ணுகிறேன்.

போவதற்கு முன் ஒரு மாதிரி வந்தது. படுக்கை 7.

ஆமாம், அதே படுக்கை. ஜன்னலோரம். பஸ் டிரைவர் ஒருவரின் மனைவி, முப்பத்துநாலு வயசு. பிரசவத்துக்கு வந்தவள், தையலில் தொற்று. அவள் கிருமியை மருந்து சேர்த்த தட்டில் வளர்த்தேன். நான் இனி வெறும் தட்டைத் தொடுவதில்லை. அக்காவுடைய அதே ரகம். உங்கள் மருந்துக்கு வட்டம் இல்லை. அந்தக் கடைசி மருந்துக்கு மட்டும் நல்ல வட்டம். ரிசல்ட்டை எழுதி டாக்டரிடம் கொடுக்கப் போனால், டிரையலில் சேர்ந்தவர்களின் ரிசல்ட்டை டிரையல் முடியும்வரை யாருக்கும் காட்டக் கூடாது, உறையில் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பு என்றார்கள். அனுப்பினேன். உங்கள் மேஜையில் இருக்கிறது. பிரித்துப் பாருங்கள்.

அந்த டிரைவரைக் கேன்டீன் வாசலில் பிடித்துச் சொன்னேன். காக்கிச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். “மேடம், டாக்டர் கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேன். ஓசியில புது மருந்துன்னாரு. நீங்க வேண்டாங்கிறீங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது? நீங்க டாக்டரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது? டிப்ளமா.

உங்களைப் பழிவாங்க வேண்டும் என்றுதான் முதல் கடிதத்தை எழுதினேன். இன்னும் வேண்டும். நீங்கள் சிறைக்குப் போகிற அன்றைக்கு லிஃப்ட்காரரோடு உட்கார்ந்து டீ குடிப்பேன். அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அது காத்திருக்கும். பதினாலாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குள் நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு வாருங்கள். அவளுடைய படுக்கைக்குப் பக்கத்தில் நின்று அந்த டிரைவரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். குப்பி வேண்டும் என்றால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். எனக்கு வேண்டாம்.



ஏப்ரல் 15

அத்தான்,

நேற்று ஏழு மணிவரை வாசலில் நின்றேன்.

இன்று காலை ஒன்பதேகாலுக்கு அவளுக்கு முதல் பாட்டில் ஏற்றினார்கள். ஹெட் சிஸ்டர் வந்து சொன்னார். இரண்டு மருந்தும் ஒரே நிறம், ஒரே பாட்டில், மேலே எண் மட்டும்தான். அவளுடையது 004. ஏற்றுகிற நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எந்த எண்ணில் எந்த மருந்து என்கிற பட்டியல் உங்கள் ஆபீஸில் இருக்கிறது. டாக்டர் கேட்டால் கொடுப்பார்கள். பெரிய டாக்டர் கேட்க மாட்டேன் என்கிறார்.

004 பழையதா, அதாவது அந்தக் கடைசி மருந்தா, இல்லை உங்கள் புதியதா? அதை மட்டும் சொல்லுங்கள். புதியது என்றால் ஹெட் சிஸ்டர் கடைசி மருந்துக்கு மாற்றிவிடுவதாகச் சொல்கிறார். வேலை போனால் போகட்டும் என்கிறார். அந்த மருந்தை முதல் தடவை பெரிய அளவில் ஏற்ற வேண்டும்; 004-இல் ஏற்கெனவே அதுதான் போயிருந்தால், தெரியாமல் மறுபடி ஏற்றும்போது இரட்டை அளவில் சிறுநீரகம் போய்விடும். அதனால்தான் கேட்கிறேன்.

லிஃப்ட்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். லீவு போட்டுவிட்டு வருகிறார். பதில் வாங்காமல் திரும்ப மாட்டேன் என்கிறார்.



ஏப்ரல் 16

அத்தான்,

லிஃப்ட்காரர் நேற்று ஆபீஸ் மூடும்வரை உங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் இரண்டு முறை நடந்து போனதைப் பார்த்திருக்கிறார். சுவரில் இருந்த அக்கா படத்தையும் பார்த்திருக்கிறார். “தோள்ல ஒரு கை இருக்கே, அது யார் கை பாப்பா?” என்று கேட்டார்.

இன்று காலை மறுபடியும் அங்கேதான் வருகிறார், இந்தக் கடிதத்தோடு. கையில் படிக்க நிறைய வைத்திருக்கிறார்.

அவளுக்கு ஜுரம் நூற்றுமூன்று. நேற்று ராத்திரியைவிட ஏறியிருக்கிறது. மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும்போதும் முதல் நாள் ஏறும் என்கிறார்கள், வேலை செய்யாவிட்டாலும் ஏறும். எதையும் வைத்துச் சொல்ல முடியவில்லை. குழந்தை கீழ் வார்டில் இருக்கிறது. டிரைவர் மாடிக்கும் கீழுக்குமாகப் படியில் ஓடிக்கொண்டிருக்கிறார், லிஃப்டை ஓட்ட ஆள் இல்லை. என்னைப் பார்த்ததும் நின்று, “மேடம், நீங்க சொன்னது எந்த மருந்து? இப்ப போறது அதுதானா?” என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உங்கள் மேல் வழக்குப் போடுவேன். அதை நிறுத்துகிறேன் என்று பொய் சொல்லி இதை வாங்க மாட்டேன். நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், குப்பியை எடுத்துக்கொள்ளுங்கள், அக்காவைக் கொன்றது நான்தான் என்று பேப்பரில் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

நாளை மூன்றாம் நாள்.

இந்தக் காகிதத்தின் பின்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். உங்கள் பெயர் வேண்டாம், தேதி வேண்டாம். பழசு அல்லது புதுசு என்று ஒரு வார்த்தை எழுதி லிஃப்ட்காரர் கையில் கொடுங்கள்.

004-இல் என்ன இருக்கிறது, அத்தான்?

வாலு